பாதியில் நின்ற எம்.எஸ்சி: ஏலமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 அக்டோபரில் ஒரு ஞாயிறு மதியம். மழை விட்டும் விடாமலும் இருந்த நேரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"டீச்சர், எம்.எஸ்சிய நிறுத்திட்டேன். வீட்ல இன்னும் தெரியாது."

ஹாஸ்டலைக் காலி செய்து, பெட்டியைக் குமுளியில் ஒரு தோழி வீட்டில் போட்டிருக்கிறாள். அம்மாவிடம் பூஜா லீவு என்று சொல்லிவிட்டாள். லீவு முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. அதற்குள் என்ன சொல்வதென்று தெரியாமல் என்னிடம் வந்திருந்தாள்.

இந்தக் குறிப்பு அவளைப் பற்றியது. பெயர் வேண்டாம் என்றாள். ஊரையும் தோட்டத்தையும் நானே மறைத்திருக்கிறேன். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் "அப்படி இல்ல டீச்சர்" என்றாள், அந்த இரண்டையும் மாற்றியிருக்கிறேன். இடுக்கி மாவட்டத்தில் தமிழ் மீடியம் பள்ளியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வழிகாட்டும் படிப்பு எதுவும் படித்ததில்லை. இந்த நிகழ்வில் முதல் தப்பு என்னுடையது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவள் குடும்பம், தாத்தா காலத்தில் தேனிப் பக்கத்திலிருந்து மலையேறியது. உடும்பன்சோலைத் தாலுகாவில் ஒரு ஏலத்தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒண்டுக் குடித்தனம். அப்பா பிக்கப் ஓட்டுகிறார். அம்மா காய் எடுக்கப் போகிறார். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்து, பிளஸ் டூவில் சயன்ஸ் எடுத்து, 2022-ல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தாள். அந்த லயத்தில் முதல் டிகிரி அதுதான். தோட்டத்துக் கண்காணி கூட அன்றைக்கு லட்டு வாங்கிக் கொடுத்தாராம்.

படிப்புக்கு நடுவே ஒரு காகிதம் குறுக்கே நின்றுகொண்டே இருந்தது. மலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டில் வந்தது. கேரளத்தில் சாதிச் சான்று வேண்டுமானால், அந்த ஆணைக்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்த தாத்தாக்களுக்குப் பட்டா ஏது, வரி ரசீது ஏது? தோட்டத்துச் செக்ரோல் புத்தகம், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, கிடைத்தால் அதிர்ஷ்டம். சரி, பூர்வீக ஊருக்குப் போய் வாங்கலாமே என்றால், "நீங்க கேரளாவுல இருக்கீங்க, அங்க கேளுங்க" என்பார்கள். அங்கே வாங்கினாலும் அது இங்கே செல்லாது. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியைப் பெயர்ந்து போன இன்னொரு மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. இவள் மூன்று வருடம் ஒரு அலுவலகத்துக்கு நடந்தாள். கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை கிடைக்கவில்லை. பொதுப்பிரிவுக் கட்டணம் கட்டித்தான் படித்தாள்.

பி.எஸ்சி. முடித்ததும் "அடுத்து என்ன டீச்சர்?" என்று கேட்டாள். "மார்க் இருக்குல்ல, எம்.எஸ்சி. போடு" என்றேன். அரை நிமிடம் கூட யோசிக்காமல் சொன்ன பதில். நல்லாப் படிக்கிற பிள்ளை என்றால் மேலே படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கணக்கு என் தலையில் ஓடியதே இல்லை.

மலைக்குக் கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மூன்றாவது செமஸ்டர் தொடக்கத்தில் நிறுத்திவிட்டாள். பணக்கஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் திருத்திய இரண்டு இடங்களில் இது ஒன்று.

"பணம் கஷ்டந்தான். ஆனா அதுக்காக விடல. லேப்ல நின்னா மணி போறதே தெரியாது. கிளாஸ்ல உட்கார்ந்தா ஒரே யோசனை. இத முடிச்சா நெட். நெட் முடிச்சா பி.எச்டி. ஒவ்வொண்ணும் அடுத்த பரீட்சைக்குத்தான் கொண்டுபோய் விடுது. அதுல நான் எங்க இருக்கேன்னே தெரியல."

முதல் வாரம் முழுக்கக் காகித வேலை. படிப்பைப் பாதியில் விடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுவார்கள், மூலச் சான்றிதழ்கள் அங்கேயே கிடக்கும். மறுபடி எங்காவது சேரப் போகும்போதுதான் டி.சி. இல்லை என்பது தெரியும். கல்வி நிலையங்கள் மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-ல் அறிவித்திருக்கிறது. கட்டணம் திரும்பக் கிடைப்பதற்கும் அதிலேயே கணக்கு இருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் முழுத்தொகை, அதன் பிறகு படிப்படியாகக் குறைந்து, கடைசித் தேதி தாண்டி முப்பது நாள் ஆனால் ஒன்றுமில்லை. இவளுக்கு ஒன்றுமில்லை. அதனால் பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், சான்றிதழும் இரண்டு செமஸ்டர் மார்க் லிஸ்ட்டும் மட்டும் கேள் என்றேன். எழுத்தில் விண்ணப்பம், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து, ஒரு நகல். மூன்று முறை போய் வந்தாள். கிடைத்தது.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நானும் கூடப் போனேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த அம்மா தலையில் சாக்கு முக்காட்டோடு, ரப்பர் பூட்ஸில் சேறோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"இந்த மலைய விட்டுப் போகணும்னுதான டீச்சரம்மா படிக்க வச்சேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வாக்கியம் பின்னால் மறுபடி வரும்.

அடுத்த சில வாரம் எல்லாரும் சொன்ன வழி அரசு வேலை. லயத்தில் சொன்னார்கள், சர்ச்சில் சொன்னார்கள், குமுளி பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்களெல்லாம் சொன்னார்கள். அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற கேரளத் தேர்வாணையமான பி.எஸ்.சி.யில் பல தேர்வுகளுக்கு மொழிச் சிறுபான்மையினருக்காகத் தமிழிலும் வினாத்தாள் உண்டு, அது நல்லது. ஆனால் சாதிச் சான்று இல்லாததால் பொதுப்பிரிவில்தான் நிற்க வேண்டும், வயது வரம்பில் தளர்வும் கிடையாது. தமிழ்நாடு பக்கம் போனால் வேறு மாநிலத்தவருக்கு இட ஒதுக்கீடு இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். 2020-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, முதல் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இவள் தமிழ் வழியில் பத்தோடு நின்றவள். கம்பம்மெட்டில் நின்றால் இரண்டு மாநிலமும் தெரியும். இரண்டுமே இவளைப் பார்த்து "நீ அந்தப் பக்கம்" என்றன.

எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுது, ஆனால் அதை மட்டும் நம்பி வருடங்களைக் கொடுக்காதே என்றேன். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அடுத்து நாங்கள் செய்ததற்குப் பெயரெல்லாம் இல்லை. சில வருடம் முன்பு என் மாணவன் ஒருவன் பேங்க் வேலைக்கு வெறியாகப் படித்துச் சேர்ந்து, ஆறே மாதத்தில் விட்டுவிட்டான். "கவுண்டர்ல உட்கார்ந்தா நாள் முழுக்க யாராவது கத்துறாங்க டீச்சர், இது எனக்குத் தெரியாமப் போச்சு" என்றான். பேங்க் வேலையின் சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் தெரிந்திருந்தது. சாதாரணமாக ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த நாற்காலியில் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. அது எனக்குள் கிடந்தது. அதனால் இவளிடம், என்ன ஆகவேண்டும் என்று யோசிப்பதை ஒரு மாதம் நிறுத்தி வை, நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் போய் ஒவ்வொரு வாரநாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்துவிட்டு வா என்றேன். பண்டிகைக்கு முந்தின நாள் வேண்டாம், இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாள் வேண்டாம். ஒன்றும் விசேஷமில்லாத நாளாகப் பார்த்துப் போ. யாரிடமும் "இந்த வேலை நல்லதா" என்று கேட்காதே. காலையில் வந்ததும் முதலில் என்ன செய்கிறார்கள், எதற்காக எரிச்சல் படுகிறார்கள், எப்போது மணி பார்க்கிறார்கள், அதை மட்டும் கவனி.

நான் வேலை பார்த்த பள்ளியில் எல்.பி. என்கிற தொடக்க வகுப்பில் ஒரு நாள். பிள்ளைகள் பிடித்திருந்தார்கள், இரண்டு மணிக்கு மேல் தலை வலித்தது. டி.எல்.எட். ஆசிரியர் பயிற்சி, அப்புறம் கே-டெட் தகுதித் தேர்வு, அப்புறம் பி.எஸ்.சி. என்று வரிசை நீளம் வேறு. ஒரு தனியார் மருத்துவ லேபில் ஒரு நாள். ஊசி குத்துவதில் பயமில்லை, ஆனால் மெஷினில் வைத்து மெஷின் சொல்வதை எழுதுகிற வேலை என்றாள்.

அக்ஷயா மையத்தில் மூன்று நாள் இருந்தாள், ஒரு நாள் போதாது என்று அவளே நீட்டித்தாள். 2002-ல் மலப்புறத்தில் தொடங்கி இன்றைக்குக் கேரளம் முழுக்க இருக்கிற மையங்கள் அவை. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் என்று எல்லாம் அங்கேதான். மலையாளம் படிக்கத் தெரியாத லயத்துப் பெண்கள் இவளைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். "பாப்பா, இதுல என்ன எழுதியிருக்கு?" இவளுக்கு அது நன்றாகவே வந்தது. இதுதான் உன் வழி என்று நான் ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டேன். அவள் இல்லை என்றாள். "நல்லா செய்றேன் டீச்சர். ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்தா எல்லாருடைய கஷ்டமும் கூடவே வருது. என் சர்ட்டிபிகேட் ஞாபகம் வேற. ஒரு வருசத்துல நான் கோவக்காரியா ஆயிருவேன்." மற்றவர்கள் தேடி வருவதை வைத்து ஒருவரின் திசையைச் சொல்லிவிடலாம் என்று நான் நினைத்தது இரண்டாவது தப்பு.

நாலாவது இடம் திட்டத்திலேயே இல்லை. அப்பாவின் பிக்கப்பில் ஒரு நாள் பச்சைக்காய் மூட்டையோடு அவளும் ஏறிப் போனாள். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோர். ஏலக்காய் காயவைக்கிற கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வோம். டிசம்பர் மாதம், எடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். நடப்பு சுலபம்: செடியில் நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு ரவுண்டு காய் எடுப்பார்கள். கழுவி, தட்டில் பரப்பி, ஐம்பது டிகிரிச் சூட்டை ஒட்டி வைத்து ஒரு ராத்திரியும் பகலுமாகக் காயவிடுவார்கள். ஐந்து கிலோ பச்சை போட்டால் ஒரு கிலோ காய்ந்தது வரும். பிறகு உரசி, காம்பும் வாலும் போக்கி, சல்லடையில் சலித்து ரகம் பிரிப்பார்கள்.

ஸ்டோர்க்காரர் காயை அடுப்புக்கு ஏற்றுமுன் ஒரு தொட்டியில் முக்கினார். நூறு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ சலவைச் சோடா, பத்து நிமிடம். "எதுக்குண்ணே இது?" என்று கேட்டிருக்கிறாள்.

"பச்சை நிக்கும் பாப்பா. எங்க முதலாளி காலத்துலருந்து போடுறது."

"ஏன் நிக்குது?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்தது. இரண்டு மாதம் முன்பு விட்டுவிட்டு வந்த பாடம் அது. பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. காய் சூடேறும்போது உள்ளிருக்கும் புளிப்பு அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்துவிடும், நிறம் பழுப்படிக்கும். சோடா அந்தப் புளிப்பைக் கட்டிவிடுகிறது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனால் அது தன் அம்மா எடுத்த காய்க்குள் நடக்கிற சமாச்சாரம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லையாம். அங்கேயே நின்று அவருக்குச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இருபது வருசமாப் போடுறேன், இன்னிக்குத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இன்னொரு பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினார். வெளியிலிருந்து வந்த காய், கண்ணைப் பறிக்கிற பச்சை. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு காயைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பச்சையானது. சாயம் ஏற்றிய காய். "இத எப்படிப் புடிக்கிறது பாப்பா, தண்ணில போடாமலே?"

அன்றைக்கு ராத்திரி எட்டரைக்கு எனக்குப் போன் வந்தது. முக்கால் மணி நேரம் பேசினாள். நான் நடுவில் "ம்" மட்டும் கொட்டினேன். அவள் பள்ளியில் படித்த காலத்துக்குப் பிறகு அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதன்பின் நடந்ததில் எல்லாம் நேராக நடக்கவில்லை. ஸ்டோர் வேலை ராத்திரி வேலை, பெண்பிள்ளையை வைத்துக்கொள்ள யாரும் தயாரில்லை. காயை ஏலம் விட்டு விற்கிற இடம் வேறு, அதைப் போய்ப் பார் என்று ஸ்டோர்க்காரரே சொன்னார். புற்றடி ஸ்பைசஸ் பார்க்கிலும், மலைக்கு அந்தப் பக்கம் போடியிலும் ஏலம் கணினியில் நடக்கிறது. வியாபாரிகள் ஆளுக்கொரு திரைக்கு முன் உட்கார்ந்து, சின்னத் தட்டில் வருகிற சாம்பிளைக் கிள்ளி, மோந்து, பட்டனைத் தட்டுவார்கள். ஒரு லாட்டுக்குச் சில நொடிதான். விலை எப்படிப்பட்டது என்றால், 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது, அதற்கப்புறம் ஆயிரத்துக்குக் கீழேயும் இறங்கியது. அந்தச் சில நொடி முடிவுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, வியாபாரிகளின் குவாலிட்டி ரூம். வாங்கிய சரக்கை அங்கே மறுபடி அளப்பார்கள்.

அளப்பது என்றால் லிட்டர் வெயிட். ஒரு லிட்டர் பாத்திரம் நிறையக் காயைக் கொட்டி, மேலே வழித்துவிட்டு, எடை போடுவது. ஆலப்புழைப் பச்சை என்கிற ரகத்தில் எக்ஸ்ட்ரா போல்டு என்றால் ஏழு மில்லிமீட்டருக்குக் குறையாமல், லிட்டருக்கு 435 கிராம். போல்டு 415, சுப்பீரியர் 385. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற இரண்டு குவியலில் ஒன்று இருபது கிராம் குறைந்தால், உள்ளே விதை பிஞ்சு என்று அர்த்தம். அவசரப்பட்டு எடுத்த காய். அப்புறம் ஈரம். பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும்.

2024 பிப்ரவரியில் அப்படி ஒரு அறையில் உதவியாளாகச் சேர்ந்தாள். மாதம் 11,000. அவள் வகுப்புத் தோழிகள் கொச்சியில் இருபதுக்கு மேல் வாங்கினார்கள். லயத்தில் பேச்சு கிளம்பியது: எம்.எஸ்சி. வரை போனவள் கடைசியில் ஏலக்காய் பொறுக்கத்தானே வந்தாள் என்று. அம்மா மூன்று மாதம் அவளுடன் சரியாகப் பேசவில்லை. மலையை விட்டுப் போகப் படிக்க வைத்தவர் அவர். அந்த மூன்று மாதமும் எனக்குமே தூக்கம் குறைவுதான். நாலு இடம் போய் உட்காரச் சொன்னது நான்தானே, இவள் பாட்டுக்குக் கீழேயே இருந்து முடித்திருந்தால் என்ன என்று.

இந்த நிகழ்வை வெற்றிக்கதையாக யாரும் படித்துவிடக் கூடாது. விலை விழுந்தால் முதலில் வேலை போகிறவர்கள் இந்த அறையில் இருக்கிறவர்கள்தான். சாதிச் சான்று இன்னும் வரவில்லை. எம்.எஸ்சி. பாக்கி அப்படியே நிற்கிறது. தபால் வழியில் உணவுத் தரம் சார்ந்து ஒரு டிப்ளமோ படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள், பணம் கட்டவில்லை. ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "அடுத்து என்ன டீச்சர்?" என்று கேட்பாள். இப்போது, மருந்தடித்த எத்தனை நாளில் காய் எடுத்தால் எச்சம் இருக்கும், அதை அளக்கிற மெஷினில் யார் பயிற்சி தருவார்கள் என்று கேட்கிறாள். பதில் தெரியாததால் நான் யாரையாவது விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அவள் திருத்திய இரண்டாவது இடம் இங்கேதான். "வேதியியல் அவளை மறுபடி மலைக்குக் கூட்டிவந்தது" என்று எழுதியிருந்தேன். "அது மட்டும் இல்ல டீச்சர்" என்று சொல்லி, போன ஓணத்துக்கு முந்தின வாரம் நடந்ததைச் சொன்னாள்.

அம்மா முதல் தடவையாக அவள் வேலை செய்கிற இடத்துக்கு வந்திருக்கிறார். சம்பளம் வாங்கிய கையோடு, கடைக்குப் போகிற வழியில், சும்மா எட்டிப் பார்க்க. உள்ளே வரத் தயங்கி, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார். மேசையில் ஒரு சாம்பிள் தட்டு. லிட்டர் வெயிட் சரி, ஈரம் சரி, சைஸ் சரி. ஆனாலும் நிறத்தில் ஏதோ இடித்தது, மகளுக்கு என்னவென்று பிடிபடவில்லை. அம்மா தட்டுக்குள் கையை விட்டு ஒரு அள்ளு அள்ளி, காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பார்த்தார். ஒரு காயை நகத்தால் பிளந்தார். கறுத்த விதை, நல்ல விளைச்சல்.

"காய் நல்ல காய்தான். எடுத்த அன்னிக்கே ஸ்டோருக்குப் போகல. ஒரு ராத்திரி சாக்குலயே வெந்து கெடந்திருக்கு."

"எப்படிம்மா சொல்ற?"

"கைக்குத் தெரியும்டி."

மகள் சரக்கு அனுப்பியவருக்குப் போன் போட்டாள். ஜீப் வரவில்லை, மறுநாள்தான் ஏற்றினோம் என்றார். பதிவேட்டில் குறிப்பு எழுதுகிற கட்டத்தில் "பச்சையாக ஒரு இரவு மூட்டையில்" என்று எழுதினாள். பரிசோதித்தவர் என்ற கட்டத்தில் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில், பென்சிலால், அம்மா பெயரையும் எழுதி வைத்தாளாம்.